தப்பு விழுந்த இடம்

பிடித்த பாட்டு ஏதாவது இருந்தால் காதில் போட்டு விடுங்கள், சில பேருக்கு உள்ளே கேட்கும் என்று நர்ஸ் சொன்னாள். மெர்லின் தேடிப் போட்டது தன் கணவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாட்டு. பிடித்ததைப் போட்டால் மனுஷன் சுகமாகக் கேட்டுக்கொண்டு இன்னும் நன்றாகத் தூங்கிவிடுவார், எரிச்சல் மூட்டினால்தான் எழுந்து வருவார் என்பது அவள் எண்ணம். ஜெரால்டோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

தலையில் ரத்தக்குழாய் வெடித்து, குளியலறையில் விழுந்த ஜெரால்டை அள்ளிக்கொண்டு வந்து போட்டதிலிருந்து அவர் கண் திறக்கவில்லை. வாயில் குழாய், மூக்கில் குழாய். மூச்சை இயந்திரம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் அசைவில்லை, கிள்ளினால் அசைவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உள்ளே விடுவார்கள். அந்த நேரம் முழுக்க மெர்லின் போனிலிருந்து வரும் இயர்போனை அவருடைய இரண்டு காதிலும் செருகிவிட்டு, போர்வைக்கு வெளியே கிடந்த வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குப் பிடிக்காத அந்தப் பாட்டு வேறு யாருடையதும் இல்லை. அவரே போட்டது, அவரே வாசித்தது.

ஜெரால்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சின்ன வயதில் ராயபுரம் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கப் பழகினார். பிறகு துறைமுகத்துக்கு வெளியே கப்பல்காரர்கள் வந்து இளைப்பாறும் கிளப்பில் ஒரு பழைய பியானோ கிடந்தது; ஷிப்ட் முடிந்தால் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். வெளிநாட்டு மாலுமிகள் விட்டுப்போன இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் ஜாஸ் பைத்தியம் பிடித்தது. அது என்ன சங்கீதம் என்று யாராவது கேட்டால், பாதியை எழுதி வச்சிக்கோ, மீதியை அங்கேயே உட்கார்ந்து பேசற மாதிரி வாசி, அவ்வளவுதான் என்பார். கேட்டவருக்கு ஒன்றும் புரியாது. அவருக்கும் அதைப் பற்றிக் கவலை கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அவரும், டிரம்ஸ் வாசிக்கிற வண்ணாரப்பேட்டை ஜாபரும், பேஸ் கிட்டார் வாசிக்கிற இன்னொரு தோழரும் சேர்ந்து ஒரு ரெக்கார்டு போட்டார்கள். பம்பாயிலிருந்து ஒருவர் மெஷினோடு வந்து பதிவு செய்தார். தான் வேலை பார்த்த கப்பல்துறையின் பெயரையே அதற்கு வைத்தார் ஜெரால்ட். ‘நார்த் குவே.’ ஆறு பாட்டு, ஆறும் அவர் போட்டவை. அப்போது யார் வாங்கினார்கள்? உறவுக்காரர்களுக்குச் சும்மா கொடுத்ததுதான் மிச்சம். இருபது வருஷம் கழித்துத்தான் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைத் தோண்டியெடுத்து, இந்தியாவில் வந்த ஜாஸ் ரெக்கார்டுகளிலேயே இது கிளாசிக் என்று எழுத ஆரம்பித்தார்கள். பாராட்டு வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. ஜெரால்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் இருந்தது. அந்தப் பாராட்டில் பாதி, இரண்டாவது பாட்டில் வரும் ஒரே ஒரு சுரத்துக்கு. அந்தப் பாட்டின் பெயர் ‘சிலுவையம்மாள்.’ காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடை சுமந்து அவரை வளர்த்த அம்மாவின் பெயர். பாட்டு படிப்படியாக மேலே ஏறும். உச்சிக்குப் போகிற நேரத்தில் வலது கை பியானோவில் ஒரு கட்டை தள்ளி விழும். யாரும் எதிர்பார்க்காத சுரம் ஒன்று நறுக்கென்று கேட்கும். என்ன துணிச்சல், என்ன கற்பனை என்று எழுதினார்கள். துணிச்சலாவது, மண்ணாங்கட்டியாவது. கிரேன் ஓட்டுகிறவனுக்கு உயரத்தில் உட்கார்ந்தால் கீழே நிற்கிறவனின் விசில்தான் வேதம். விசில் கேட்டால் கை அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கீழே யாருடைய தலையாவது போய்விடும். அன்றைக்கு ஹாலுக்கு வெளியே ரோட்டில் எவனோ ஒரு லாரி கிளீனர் விசில் ஊதினான். அது மைக்கில்கூட விழவில்லை. ஆனால் ஜெரால்டின் கை பாதி வழியில் நின்று, பக்கத்துக் கட்டையில் விழுந்துவிட்டது. மறுபடி வாசிக்க டேப் மிச்சமில்லை, பம்பாய்க்காரருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அம்மா பெயரில் வைத்த பாட்டில் அந்தத் தப்பு அப்படியே தங்கிப்போனது.

அதிலிருந்து அந்தப் பாட்டை யார் எங்கே போட்டாலும் ஒரே கதைதான். அந்த இடம் வந்ததும் வலது கை மேசையிலோ தொடையிலோ படாரென்று அறையும். “கலீஜ்” என்பார். உடனே எழுந்து போய் நிறுத்திவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தூக்கத்தில் புரண்டுகொண்டிருந்தாலும் சரி, காய்ச்சலில் கிடந்தாலும் சரி, அந்தக் கை அறையாமல் இருந்ததே இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு பையன் தேடிக்கொண்டு வந்து, அந்த ஒரு சுரத்துக்காக உங்கள் காலில் விழணும் சார் என்றான். அவனுக்கு டீ கூடத் தராமல் அனுப்பி வைத்தார்.

இப்போது மெர்லினுக்கு வேண்டியது அந்த அறை. அறைகூட வேண்டாம். ஒரு விரல் துடித்தால் போதும், ஆள் உள்ளே இருக்கிறார் என்று டாக்டர் கழுத்தைப் பிடித்துச் சொல்லிவிடலாம். போனில் பாட்டு எத்தனையாவது நிமிஷத்தில் ஓடுகிறது என்று பார்ப்பாள். அந்த இடம் நெருங்கும்போது அவளுக்கே மூச்சு நின்றுவிடும். கை அப்படியே கிடக்கும். மறுபடி முதலிலிருந்து போடுவாள்.

அன்று காலை டாக்டர் அவளையும் மகன் அபினையும் ஓரமாகக் கூப்பிட்டு நிறுத்தினார். நல்ல மனிதர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர். இனி செய்வதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை, இயந்திரம்தான் அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் சொந்தபந்தங்கள் சுற்றி இருக்க, சாமியார் வந்து ஜெபம் சொல்ல, நிம்மதியாக முடியும் என்றார். சாயங்காலம் ரவுண்ட்ஸ் வரும்போது முடிவைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் என்ன என்று மெர்லினுக்குத் தெரியும். எர்ணாவூரில் அவள் தெருவிலேயே இரண்டு பேரை அப்படிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். குழாயை எடுத்ததும் முடிந்துவிடும்.

திரும்பக் கட்டிலுக்கு வந்தாள். பாட்டைப் போட்டாள். கையைப் பார்த்துக்கொண்டு தள்ளி உட்கார இன்று மனசு வரவில்லை. ஒட்டிக்கொண்டு கூடவே கேட்கலாம் என்று தோன்றியது. அவருடைய ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். முதல் பாட்டு முடிந்து சிலுவையம்மாள் தொடங்கியது. ஏறியது. இன்னும் ஏறியது. உச்சிக்குப் போயிற்று. எந்தத் தப்பும் இல்லாமல், வழவழவென்று போய் உச்சியில் நின்றது.

இயர்போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். மறுபடியும் அந்தச் சுரம் இல்லை. தன் காதில்தான் கோளாறோ என்று மூன்றாவது முறையும் போட்டாள். பிறகு எழுந்து வெளியே போய், வராந்தாவில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்த அபினின் சட்டையைப் பிடித்தாள்.

அபினுக்கு முப்பத்து நாலு வயது. கோடம்பாக்கம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் சவுண்ட் என்ஜினியர். அப்பாவின் காது அப்படியே பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவன் முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தான். புரிந்ததும் முகம் செத்துவிட்டது.

“நான்தான்மா எடுத்தேன். நைனாக்கு எழுபதாவது பர்த்டேக்கு குடுக்கலாம்னு. லைஃப் பூரா அத சொல்லி சொல்லி பேஜாராய்கினு இருந்தாரு இல்ல, அதான்.”

மீதியை அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அந்தச் சுரத்தை எடுத்துவிட்டு, அதே பாட்டில் வேறு இடத்திலிருந்து சரியான சுரத்தை வெட்டி வைத்தானாம். அதற்கப்புறம் வருகிற இரண்டு வரி பொருந்தவில்லையாம், அதையும் வெட்டிவிட்டானாம். வெளிநாட்டில் ஒருவர் பழைய ரெக்கார்டை நெட்டில் ஏற்றி வைத்திருந்தார். அவருக்கு எழுதி, அதை எடுக்கச் சொல்லிவிட்டு இதைப் போட வைத்தானாம். தன்னிடம் இருந்த பழைய பதிவு இனி எதற்கு என்று அதையும் அழித்துவிட்டான். பர்த்டேக்கு இன்னும் பத்து நாள் இருக்கையில் மனுஷன் விழுந்துவிட்டார். வீட்டில் இருந்த இசைத்தட்டு, எர்ணாவூருக்குள் எண்ணெயும் தண்ணீருமாக வெள்ளம் புகுந்த அந்தப் புயலிலேயே போய்விட்டது.

மெர்லினுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அப்பாவுக்கு இப்படி ஒரு பரிசு கொடுக்க வேறு எந்தப் பிள்ளைக்குத் தோன்றும் என்றும் அதே நேரம் நினைத்தாள். ஆனால் இரண்டையும் தள்ளிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று மேலே வந்தது. இத்தனை நாளும் அவர் அந்தத் தப்பைக் கேட்டும் எழுந்திருக்காமல் கிடக்கவில்லை. அவரை யாரும் இன்னும் கூப்பிடவே இல்லை! செத்துப்போன நம்பிக்கை திரும்ப வந்தால் அது முன்னைவிட மோசமாக ஆட்டும்.

அபின், இப்போதே ஸ்டூடியோவுக்குப் போய் அந்தத் தப்பைத் தானே திரும்பச் செய்துகொண்டு வருவதாகச் சொன்னான். எந்தக் கட்டை என்று தனக்குத் தெரியும், ஒரு மணி நேர வேலை என்றான்.

“நீ பண்ணா உங்கப்பனுக்குத் தெரியாதாடா? அவரு பண்ண தப்பு அவருக்குத் தெரியும். எனக்கு அதுதான் வோணும்.”

வெளிநாட்டுக்காரருக்கு எழுதிப் பழையதைத் திரும்ப வாங்கச் சாயங்காலத்துக்குள் முடியாது. பேஸ் வாசித்தவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது ஜாபர் ஒருவர்தான். அவர் இப்போது மகள் லுப்னாவோடு மணலி புதுநகரில் இருந்தார். மத்தியானம் வரைக்கும் போன் போட்டுப் பார்த்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அபின் பைக்கை எடுத்தான், மெர்லின் பின்னால் ஏறிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு ஜெரால்டின் வண்டியைத் தவிர வேறு வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்ததில்லை. வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே போனாள். ஜாபர் வீட்டில் இருக்கணும், ஜாபரிடம் அது இருக்கணும், ஜாபர் அதை வெள்ளத்தில் விட்டிருக்கக் கூடாது என்று மாதாவுக்கே மூச்சு முட்டுகிற அளவுக்கு வேண்டுதல்.

ஜாபர் வீட்டில்தான் இருந்தார். காது மந்தமாகிவிட்டது, அதனால்தான் போன் கேட்கவில்லை. வாசலில் இருவரையும் பார்த்ததும், ஜெரால்ட் போய்விட்டான் என்று நினைத்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இல்லை பாய், இருக்காரு என்று மெர்லின் அவர் காதருகே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவர் அபினைத் திட்டவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழைய டேப் ரெக்கார்டரை இழுத்து, அதன் வயிற்றிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினார். ரெக்கார்டு வந்த மாசமே, தன்னிடம் தட்டு போடுகிற பெட்டி இல்லாததால், யாரிடமோ கொடுத்துக் கேசட்டில் ஏற்றி வைத்துக்கொண்டது. காது மந்தமானதிலிருந்து போட்டுக் கேட்கவில்லை.

அபின் உடனே பட்டனை அழுத்தப் போனான். ஜாபர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நாடா இற்றுப்போயிருக்கிறது, ஏற்கனவே ஒரு தடவை அறுந்து ஒட்ட வைத்தது, ஓடுகிற ஒரு ஓட்டத்தை இங்கே வீணாக்காதே என்றார். முன்னால் தள்ளவும் கூடாது, பின்னால் சுற்றவும் கூடாது. எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஜெரால்ட் காதுக்கே போகட்டும். கேசட் முதல் பக்கத்தின் ஆரம்பத்தில் நிற்கிறது என்று உருளையைப் பார்த்து அபினும் சொன்னான்.

கூட வருகிறீர்களா என்று மெர்லின் கேட்டாள். பைக்கில் மூன்று பேர் போக முடியாது, ஆட்டோ பிடித்து வருவதற்குள் நேரம் முடிந்துவிடும் என்று அவரே சொல்லிவிட்டார். டேப் ரெக்கார்டரைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

“எந்திரிச்சான்னா போன் பண்ணுமா. எந்திரிக்கலன்னா பண்ணாத.”

திரும்பும்போது எர்ணாவூர் மேம்பாலத்துக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் வாலும் தலையும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் பைக் நுழைகிற சந்துகூட அடைத்துக்கொண்டிருந்தது. மணி நாலரை தாண்டிவிட்டது. மெர்லின் டேப் ரெக்கார்டரை முந்தானையால் மூடி, குழந்தையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். லாரி டிரைவர்கள் இறங்கி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்ன, இன்று போகாவிட்டால் நாளை போகும் சரக்கு. அபின் ஹாரனை விடாமல் அழுத்தினான். ஒருவன் திரும்பி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். மெர்லின் வண்டியிலிருந்து இறங்கி அவனிடம் போனாள். என் புருஷன் ஆஸ்பத்திரியில கீறாரு நைனா, கொஞ்சம் வழி விடு என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த ஆள் பீடியைப் போட்டுவிட்டு, முன்னும் பின்னும் ஓடி, இரண்டு லாரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வைத்தான். அபின் ஹாண்டில்பாரை உரசிக்கொண்டு வெளியே வந்தான். அவன் அழுதுகொண்டே ஓட்டுகிறான் என்பது அவன் முதுகின் அசைவிலேயே தெரிந்தது. கண்ணைத் துடைச்சிகினு ஓட்டுடா, உயிரு போற நேரத்துல என்று அவள் முதுகில் தட்டினாள். அன்று முழுக்க அவனிடம் அவள் ஆசையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஐசியூ வாசலில் செக்யூரிட்டி மறித்தான். டேப் ரெக்கார்டரை உள்ளே விட மாட்டேன் என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான், இதையெல்லாமா கொண்டுவருவார்கள்? மெர்லின் கெஞ்சினாள், அபின் சண்டைக்குப் போனான். சத்தம் கேட்டு, பாட்டுப் போடச் சொன்ன அந்த நர்ஸே வெளியே வந்தாள். சத்தம் வெளியே வராமல் இயர்போனில்தான் என்றால் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். டாக்டர் அந்தக் கோடியில் முதல் கட்டிலில் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டார். ஜெரால்டுக்கு முன்னால் ஐந்து கட்டில்கள் இருந்தன.

அபின் இயர்போனை டேப் ரெக்கார்டரில் செருகினான். ஒன்றை ஜெரால்டின் வலது காதில் வைத்தான், மற்றதை மெர்லின் தன் காதில் வைத்துக்கொண்டாள். அபின் பட்டனை அழுத்தினான்.

முதலில் ஒரே இரைச்சல். நாடா தடவித் தடவி ஓடியது. பிறகு தூரத்திலிருந்து வருவதுபோல் முதல் பாட்டு எழும்பியது. அது முழுசாக ஓடி முடிய வேண்டும், தள்ளக் கூடாது. மெர்லின் நாடாவைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா, ஒவ்வொரு கட்டிலாக வந்துகொண்டிருக்கும் டாக்டரைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தாள். மூன்றாவது கட்டிலில் யாரோ டாக்டரிடம் நீளமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேளுங்கள், இன்னும் கேளுங்கள் என்று அவள் மனசுக்குள் சொன்னாள். ஒரு இடத்தில் பாட்டு இழுபட்டு, குரல் கட்டினவன் பேசுவதுபோல் இறங்கியது. அபின் கேசட்டின் மேல் விரலை வைத்து லேசாகத் தட்டினான். சரியாயிற்று.

சிலுவையம்மாள் தொடங்கியது. ஜெரால்டின் இடது கை கீழே ஒரே சீராக நடந்து போக, மேலே வலது கை ஒவ்வொரு படியாக ஏறியது. ஜாபரின் குச்சிகள் பின்னாலேயே வந்தன. மெர்லின் இப்போது வேறு எங்கும் பார்க்கவில்லை. வலது கையின் மேல் குனிந்துவிட்டாள். அதில் நரம்புகள் தடித்திருந்தன, ஊசி குத்திக் குத்திப் புறங்கை கறுத்திருந்தது. பாட்டு ஏறியது. இதோ, இதோ என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

சுரம் தப்பி விழுந்தது. நறுக்கென்று, அச்சு அசலாக, அவர் வைத்த இடத்திலேயே விழுந்தது.

கை அசையவில்லை. விரல் துடிக்கவில்லை. நெற்றி சுருங்கவில்லை. இயந்திரம் ஒரு மூச்சை இழுத்து விட்டது, அடுத்ததை இழுத்தது. அவள் எதற்காக ஊர் முழுக்க அலைந்தாளோ அது வந்தது, போயும் விட்டது. தூக்கத்தில் இருந்தாலும் காய்ச்சலில் இருந்தாலும் விடாத மனுஷன் அதைச் சும்மா விட்டுவிட்டார் என்றால், அந்த உடம்புக்குள் அவர் இல்லை. இதை அவளுக்கு எந்த டாக்டரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அபின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

டேப் ரெக்கார்டரை நிறுத்தத்தான் அவள் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. காதில் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சுரத்துக்கு அப்பால் என்ன வருகிறது என்று அவள் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருப்பாள்? அவர்தான் ஒவ்வொரு தடவையும் அறைந்து, திட்டி, எழுந்து போய் நிறுத்தினாரே.

தப்பு விழுந்ததும் வலது கை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. ஜாபர்கூடக் குச்சியைத் தணித்துக்கொண்டார். பிறகு அதே தப்பான கட்டையை ஜெரால்ட் மறுபடி தொட்டார். இந்தத் தடவை வேண்டுமென்றே, மெதுவாக. இன்னொரு முறை தொட்டார். அங்கிருந்து பாட்டு உச்சிக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்பி, வெயிலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்குவதுபோல் தணிந்து தணிந்து வந்தது. இந்த இரண்டு வரியைத்தான் பொருந்தவில்லை என்று பிள்ளை வெட்டிப் போட்டிருந்தான். மெர்லினுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த அம்மாவை அவளுக்குத் தெரியும். ஏழு வருஷம் மாமியாராக இருந்தவள், அப்படித்தான் உட்காருவாள்.

மெர்லினுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. பெங்களூர்ப் பையன் காலில் விழ வந்தது வெறும் தப்புக்காக இல்லை. ஊரெல்லாம் அதைக் கேட்டிருக்கிறது. கேட்காதவர்கள் அவள் வீட்டில் இருந்த மூன்று பேர்தான். ஒருவர் திட்டிக்கொண்டே இருந்தார், ஒருத்தி அவர் திட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒருவன் வெட்டி எறிந்தான். வாசித்தவருக்கே அது தெரியாமல் போயிற்று. அவருக்கு அந்த ஹாலில் அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியதோ, அதற்கப்புறம் தப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அவள் குனிந்து, இயர்போன் இல்லாத இடது காதில் வாயை வைத்தாள்.

“நல்லாத்தான்யா வாசிச்சிகீற. சரி பண்ணிட்டய்யா, அங்கியே சரி பண்ணிட்ட. இத நீ ஒரு வாட்டியாச்சும் கேட்டிருக்கலாம்லய்யா.”

இயந்திரம் இழுத்தது, விட்டது. டாக்டர் பக்கத்துக் கட்டிலை முடித்துக்கொண்டு வந்து நின்றார். டேப் ரெக்கார்டரைப் பார்த்தார், அவர்கள் முகத்தைப் பார்த்தார். அபின் அம்மாவின் தோளைத் தொட்டு, இன்னொரு வாட்டி போட்டுப் பார்க்கலாமாம்மா, நாடா அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டான். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது.

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். தன் காதிலிருந்ததைக் கழற்றி அவன் காதில் வைத்துவிட்டாள். நீ கேளுடா என்றாள். பாட்டு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அபின் கட்டிலின் மேல் கவிழ்ந்துகொண்டு அதைக் கேட்டான். அவன் தோள்கள் குலுங்கின. கேட்டு முடிக்கும் வரை டாக்டர் நின்றார்.

பிறகு மெர்லின் ஜெரால்டின் காதிலிருந்ததையும் எடுத்து, காது மடலைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள்.

“அவரு இங்க இல்ல டாக்டர். வூட்டுக்குக் கூட்டினு போறோம்.”